கடலோரத்தில் முதலீட்டுக்கு வீடு வாங்குகிறீர்களா? பதிவேட்டில் இல்லாததை எழுதிக் கேளுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் டீ சொல்லிவிட்டுத் தரகர் தொடங்கும் வாசகம் பெரும்பாலும் இதுதான்: “ஈசி சுத்தமா இருக்கு, பட்டா ஆளு பேர்ல இருக்கு, வேற என்னண்ணே வேணும்?” ஈசி என்பது வில்லங்கச் சான்று, சொத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். என் சித்தப்பா தேவிபட்டினம் பக்கம் வாங்கிய வீட்டுக்கும் ஈசி சுத்தமாகத்தான் இருந்தது. கிரயம் முடிந்து சாவி வாங்கப் போன அன்றைக்கு, உள்ளே குடியிருந்தவர் பீரோவிலிருந்து ஒரு 20 ரூபாய் முத்திரைத் தாளை எடுத்து வந்து காட்டினார். மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒத்தி, அதாவது மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கும் ஏற்பாடு. விற்றவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சித்தப்பா கேட்கவும் இல்லை.

குடியிருக்க வாங்குகிறவர் பத்து தடவை வந்து போவார், பக்கத்து வீட்டில் மோர் வாங்கிக் குடிப்பார், பாதி விஷயம் தானாகக் காதில் விழும். முதலீட்டுக்கு வாங்குகிறவர் மதுரையிலோ சென்னையிலோ துபாயிலோ இருந்து ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: யார் எதைச் சொல்லக் கடமைப்பட்டவர்?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். அது விற்பவர் மேல் சுமத்தும் கடமைகளில் மூன்று நமக்கு முக்கியம். சொத்திலோ உரிமையிலோ பெரிய குறை இருந்து, அது அவருக்குத் தெரிந்து, உங்களுக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாதது என்றால், அவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நீங்கள் கேட்டால் ஆவணங்களைக் காட்ட வேண்டும். சொத்து பற்றியும் உரிமை பற்றியும் நீங்கள் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும்.

‘சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாதது’ என்ற சொற்களில்தான் பலர் விழுகிறார்கள். பதிவேட்டில் இருப்பது, கண்ணில் தெரிவது, கிணற்றுத் தண்ணீரின் உப்பு போல நாக்கில் தெரிவது எதையும் பிறகு “எனக்குச் சொல்லவில்லை” என்று புகார் செய்வது கடினம். பதிவான பத்திரத்தை நீங்கள் பார்க்காவிட்டாலும் பார்த்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்னொரு நுணுக்கம் வைத்திருக்கிறது. பேசக் கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது. மௌனத்தால் ஏமாந்தவர், முயன்றால் உண்மையைத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் முடியாது என்கிறது 19-ஆவது பிரிவின் விதிவிலக்கு. ஆனால் அந்த விதிவிலக்கு மௌனத்துக்கும் தெரியாமல் சொன்ன தவறுக்கும்தான். தெரிந்தே சொன்ன பொய்க்கு இல்லை. ஆகவே நேரடியாகக் கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குகிறவர், விற்பவரின் மௌனத்தைப் பதிலாக மாற்றிவிடுகிறார். அந்தப் பதில் பொய்யாக இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

இதிலிருந்து வேலை இரண்டாகப் பிரிகிறது. பதிவேட்டில் இருப்பதை நீங்கள் தேடுங்கள். இல்லாததை எழுதிக் கேளுங்கள்.

படி 2: பதிவேடுகளை நீங்களே புரட்டுங்கள்

ஈசி எடுப்பதை விரிவாகச் சொல்லப் போவதில்லை. பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. 1975-க்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. தனியார் ஒருவரிடம் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கைமாற்றாகக் கடன் வாங்கியிருந்தால் ஈசியில் ஒரு வரியும் வராது.

நம் மாவட்டத்தில் நேரம் செலவழிக்க வேண்டியது ‘அ’ பதிவேட்டில், அதாவது சர்வே எண்வாரியாக நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் கிராமப் பதிவேட்டில். இது சமஸ்தான மண். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலவரித் திட்டத்தில் யார் பேருக்கு, என்ன வகைப்பாட்டில் போனது என்பதுதான் வேர். ராமேஸ்வரம் தீவில் கோயில் நிலம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் வக்ஃபு நிலம், கடலை ஒட்டிப் புறம்போக்கு என்று மூன்றுமே உண்டு. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் கணக்கெடுப்பில் பெயரும் வகைப்பாடும் தவறிப் போன சர்வே எண்கள் ஏராளம். இன்றைய பட்டாவை யுடிஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். அங்கே ‘ஊருணி’ என்றும் இங்கே ‘மனை’ என்றும் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நிபந்தனைப் பட்டாவையும் இங்கேயே பிடித்துவிடலாம். பஞ்சமி நிலம் பட்டியல் சாதியினர் அல்லாதவர் கைக்குப் போகக் கூடாது. இலவச மனைப் பட்டா, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பு போன்றவற்றில் ஒப்படை ஆணையின் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். “எல்லாரும் வித்துட்டுத்தான் இருக்காங்க” என்பது சட்டம் அல்ல.

மனைப்பிரிவில் உள்ள வீடு என்றால் அங்கீகாரம் பாருங்கள். 2016 அக்டோபர் 20 என்ற தேதிக்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்குத்தான் 2017 வரன்முறைத் திட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ ஒருவர் புதிதாகப் போட்டு விற்கிறார் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் வசதி என்னவென்றால், நிறுவனமே தன் உரிமை ஆவணம், அனுமதி, வழக்கு எல்லாவற்றையும் ஆணையத்தின் தளத்தில் வெளியிட்டாக வேண்டும். பழைய வீட்டை ஒரு குடும்பம் விற்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது.

படி 3: கடல் எவ்வளவு தூரம்?

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிப் பட்டாவிலும் இருக்காது, ஈசியிலும் இருக்காது. ஆனால் அரசு அறிவிக்கை என்பதால் “தெரியாது” என்றும் சொல்ல முடியாது. எனவே இதை நீங்களே தேட வேண்டும்.

உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கேள்வி எழும். கழிமுகம், உப்பங்கழி ஓரங்களுக்குத் தனி அளவு. ஊரகப் பகுதியில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை அதைப் பிரித்தது: ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதி என்றால் 50 மீட்டர், இல்லாவிட்டால் 200 மீட்டர்தான். அலையாத்தி, பவளப்பாறை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் இடம் எல்லாம் இன்னும் கடுமையான வகை. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் நம் கரையிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக நிற்கின்றன; வடக்கே காரங்காடு பக்கம் அலையாத்திக் காடு. வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் விழுகிறது என்பதை மாவட்ட அளவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகராறான இடம் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பைக் கொண்டு கோட்டை அளக்க வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் வீட்டின் விலையை விடக் குறைவு.

வெளியூர் முதலீட்டாளர் கவனிக்காத ஒரு கண்ணி இதில் இருக்கிறது. தடைப் பகுதிக்குள் இருக்கும் மீனவர் வீட்டை அந்தக் குடும்பம் திருத்திக் கட்டலாம், ஏனென்றால் அந்தச் சலுகை பாரம்பரியமாகக் கடலோரத்தில் வாழும் மக்களுக்கு. வாங்கி இடித்துவிட்டு ஹோம்ஸ்டே கட்ட நினைக்கும் உங்களுக்கு அது வந்து சேராது. “பக்கத்து வீட்டுல மாடி கட்டியிருக்காங்களே” என்று காட்டுவார்கள். கட்டியவர் யார் என்று கேளுங்கள்.

தனுஷ்கோடியில் இடம் இருக்கிறது என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த ஊர் அது.

கரையோரத்தில் ஊர் வழக்கமும் உண்டு. படகு ஏற்றும் பாதை, வலை காயப்போடும் திட்டு, கரைவலை இழுக்கும் இடமான பாடு. இவை எந்தப் பத்திரத்திலும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடப்பவை, சட்டம் மதிக்கக்கூடிய வழக்காறு. சுற்றுச்சுவர் எழுப்பிய அன்று ஊரே வந்து நிற்கும். இதைக் கேள்விக் கடிதத்தில் சேருங்கள், ஊர்த் தலைவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படி 4: வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

சித்தப்பா கதைக்கு வருகிறேன். சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது உங்களுக்குத் தெரிந்ததாகவே கணக்கு. அதாவது விசாரிக்காதது உங்கள் குற்றம். விற்பவர் “வாடகைக்கு இருக்காங்க, மாசம் முடிஞ்சா போயிருவாங்க” என்று சொல்லியிருந்தாலும் நீங்கள் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

ஒத்தியும் போக்கியமும் நம் ஊர்களில் முத்திரைத் தாளில் எழுதி வீட்டுக்குள்ளேயே முடிகிற காரியங்கள். பதிவு செய்யாத ஒத்தி நீதிமன்றத்தில் அடமானமாக நிற்காமல் போகலாம். ஆனால் ஆள் உள்ளே இருக்கிறார், பணம் கொடுத்திருக்கிறார், வெளியே அனுப்ப வருஷக்கணக்காகும். சித்தப்பா கடைசியில் மூன்று லட்சத்தையும் தானே கொடுத்து எழுதி வாங்கினார்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. தரகரும் விற்பவரும் இல்லாத நேரத்தில் போங்கள். வீட்டில் பெண்கள் இருந்தால் உங்கள் வீட்டுப் பெண்ணையும் கூட்டிப் போங்கள், பேச்சு எளிதாக வரும். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டு, அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்படியே வீட்டையும் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வது இந்தக் கரையில் சாதாரணம். சமீபத்தில் அடித்த பெயின்ட் எதையோ மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்குக் கடல் மணல் போட்டார்களா என்பது கண்ணில் தெரியாது, அது கேள்விக் கடிதத்துக்கு. கிணற்றுத் தண்ணீர் நாக்கில் தெரியும், அது உங்கள் பொறுப்பு. மழைக்குப் பிறகு டிசம்பரில் குடித்துப் பார்த்து ஏமாறாமல் மே மாதம் குடியுங்கள். வெள்ளத்தைக் கேளுங்கள். 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு இந்த வீட்டு வாசலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டார் கையைக் காட்டிச் சொல்வார்கள்.

படி 5: குடும்பத்துக்குள் என்ன ஏற்பாடு?

கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். இஸ்லாமியர் செய்யும் வாய்மொழித் தானம், அறிவித்து, ஏற்று, சுவாதீனம் கொடுத்துவிட்டால் பத்திரம் இல்லாமலே செல்லும். வாப்பா பேரில் பட்டா இருக்கும், மகன் விற்க வருவார், வீடோ பத்து வருஷம் முன்பே லாத்தாவுக்கு (அக்காவுக்கு) ஹிபா, அதாவது தானம், ஆகியிருக்கும். ஈசியில் சத்தமே இருக்காது. ஆகவே எல்லா வாரிசுகளையும், குறிப்பாக அந்த வீட்டில் குடியிருக்கும் மகளை, பத்திரத்தில் கையெழுத்துப் போட வையுங்கள்.

இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும் அதை உறுதி செய்த 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகு “கட்டிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு” என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. பதிவான விடுதலைப் பத்திரம் இருக்கிறதா? இல்லாவிட்டால் அவர்களும் கையெழுத்து.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து பவர் கொடுத்திருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று அவரிடமே வீடியோ அழைப்பில் கேளுங்கள். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துச் சொத்து கைமாறிவிட்டதாகச் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

படி 6: வழக்கு, சாலை, குழாய்

நடந்துகொண்டிருக்கும் வழக்கில் உள்ள சொத்தை வாங்கினால், உங்களுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தீர்ப்பு உங்களைக் கட்டும். தமிழ்நாட்டில் வழக்கைப் பத்திரப் பதிவில் ஏற்றியாக வேண்டிய கட்டாயமும் இல்லை, அதனால் ஈசியை நம்ப முடியாது. நீதிமன்றங்களின் இணையச் சேவையில் விற்பவர் பெயர், அப்பா பெயர், அண்ணன் தம்பி பெயர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், நாலையும் போட்டுப் பாருங்கள்.

கையகப்படுத்தல் அடுத்தது. பரமக்குடி – ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு 2025-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்ட திட்டத்தில் முதல் அறிவிக்கை எண்ணத்தைச் சொல்லும், அடுத்த அறிவிப்பு நிலத்தையே அரசிடம் சேர்த்துவிடும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம் இருக்கிறது. அதன் பக்கம் உயரமாகக் கட்டும் எண்ணம் இருந்தால் தடையில்லாச் சான்றைப் பற்றி முதலிலேயே விசாரியுங்கள். வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருக்கிற ஊர்ப்பக்கம் இது. நிலத்தடியில் குழாய் போகும் நிலமும் உண்டு. 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி குழாய்க்குப் பயன்பாட்டு உரிமை எடுத்த துண்டில் கட்டடம் கட்டவோ கிணறு தோண்டவோ மரம் வைக்கவோ கூடாது. நிலம் மட்டும் உங்கள் பேரில் இருக்கும்.

படி 7: கேள்விக் கடிதம்

அட்வான்ஸுக்கு முன் கொடுங்கள். பதிவுத் தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, கையெழுத்துடன் பதில் வாங்குங்கள். சட்டத் தமிழ் வேண்டாம், அவருக்குப் புரியும் தமிழ் போதும். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

“அண்ணன் அவர்களுக்கு, தங்கள் வீட்டை வாங்கும் எண்ணத்தில் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வீட்டின் பேரில் பதிவு செய்யாத ஒத்தி, போக்கியம், கைமாற்று, விற்பனை ஒப்பந்தம் ஏதும் உண்டா? மூலப் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது? குடும்பத்தில் வாய்மொழியாகப் பாகமோ தானமோ செய்தது உண்டா? வழக்கோ, வக்கீல் நோட்டீஸோ, ஊர்ப் பஞ்சாயத்தோ நடந்திருக்கிறதா? கடலோர விதி, கையகப்படுத்தல், குழாய், மின்கோபுரம் தொடர்பாக எந்த அலுவலகத்திலிருந்தாவது கடிதம் வந்ததா? ஊர்ப் பாதையோ வலை காயப்போடும் வழக்கமோ இந்த இடத்தில் உண்டா? கட்டடத்துக்குக் கடல் மணல் பயன்படுத்தப்பட்டதா, கூரையில் கம்பி தெரிந்து பூசியது உண்டா? 2024 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? தங்கள் பதிலை நம்பியே இந்த வீட்டை வாங்குகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிற்பாடு நீதிமன்றத்தில் அதுதான் கேட்கப்படும்.

வீட்டில் துர்மரணம் நடந்ததா என்று கேட்கலாமா என்பார்கள். சட்டம் பேசுவது சொத்தின் குறையையும் உரிமையின் குறையையும். ஆனால் மறுவிற்பனையில் அந்தப் பேச்சு விலையைக் குறைக்கும் என்பது ஊரறிந்தது. கேட்டு வையுங்கள், எழுத்தில் பொய் சொல்ல மனிதர்கள் தயங்குவார்கள்.

பதில் தராமல் மழுப்பினால்? “தெரியாது” என்ற பதிலும் பதில்தான், அதற்கேற்ப விலை பேசலாம். கையெழுத்தே போட மாட்டேன் என்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

படி 8: ஒப்பந்தமும் பணமும்

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அது கட்டாயம். கேள்விக் கடிதத்தையும் பதிலையும் இணைப்பாகச் சேருங்கள். பத்திர எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் ‘சொத்தை நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி’ என்ற வரியை அடியுங்கள். 55-ஆவது பிரிவின் கடமைகள் ‘வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்’ பொருந்துபவை, அந்த ஒரு வரி உங்கள் பிடியைத் தளர்த்தும். ‘பின்னிட்டு யாதொரு வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன்’ என்பது இருக்கட்டும், அது கேள்விகளுக்கு மாற்று அல்ல.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீத வரி பிடித்தம் உங்கள் கடமை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 50 லட்சம் என்ற வரம்பே இல்லை, விகிதமும் அதிகம். அவர் வசிப்பிட நிலையையும் கடிதத்தில் கேளுங்கள். மைத்துனர் பேரில் வாங்கி வைக்கலாம் என்ற யோசனை பினாமிச் சட்டத்தில் போய் முடியும்.

குறை பிற்பாடு வெளிப்பட்டால், பத்திரத்தை ரத்து செய்யும் வழக்குக்கான மூன்று ஆண்டு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடும். தெரிந்த அன்றே வக்கீலிடம் போங்கள்.

படி 9: உங்கள் வாயும் திறக்க வேண்டிய இடம்

இதை யாரும் சொல்வதில்லை. அதே 55-ஆவது பிரிவு வாங்குபவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. விற்பவரின் உரிமை அவர் நினைப்பதைவிடப் பெரியது, அதனால் மதிப்பும் கூடும் என்று உங்களுக்குத் தெரிந்து, அவருக்குத் தெரியாது என்று நம்பக் காரணமும் இருந்தால் சொல்ல வேண்டும். பழைய பதிவேட்டைப் புரட்டியதில் பக்கத்து ஐந்து சென்டும் அந்த அம்மாவின் பங்குதான் என்று கண்டுபிடித்தீர்களா? சொல்லாமல் எழுதி வாங்கினால் மோசடி. சாலை வரப்போகிறது, விலை ஏறும் என்ற உங்கள் கணிப்பை மட்டும் சொல்லக் கடமை இல்லை. விலை மாற்றம் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒரு வியாபாரி எதிராளியிடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே எடுத்துக்காட்டு தருகிறது. ஆனால் அவரே “ரோடு வருதா தம்பி?” என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

முதலீட்டாளர் என்றால் நாளைக்கு விற்பவர். இன்று நீங்கள் தோண்டி எடுத்த ஒவ்வொரு குறையும் அன்றைக்கு உங்களுக்குத் ‘தெரிந்த’ குறை. கடிதம், பதில், குடியிருந்தவர் கொடுத்த தாள், கடலோர வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

சித்தப்பா அந்த வீட்டைப் போன வருஷம் விற்றார். வாங்க வந்த காரைக்குடிக்காரர் விவரமானவர், ஒன்றரைப் பக்கத்துக்குக் கேள்வி எழுதிக் கொண்டு வந்தார். ஒத்தி என்ற கேள்விக்கு நேராகச் சித்தப்பா தன் கையால் எழுதினார்: “இருந்தது. மூன்று லட்சம் கொடுத்துத் தீர்த்தேன். எழுதி வாங்கிய தாளின் நகல் இணைத்துள்ளேன்.”